குடும்பத்தோடு எல்க் வேட்டை: சுமையிலிருந்து தொடங்கும் கணக்கு

எல்க் என்னும் வட அமெரிக்கப் பெரிய மானை வேட்டையாட வீட்டாரையும் அழைத்துச் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, வீழ்த்திய விலங்கை வண்டி வரை யார், எத்தனை நடையில் சுமப்பது என்பதை முதலில் யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 320 கிலோவும், பெண் எல்க் 225 கிலோவும் எடை கொண்டவை. எலும்பை நீக்கிய பிறகும் ஆணிடமிருந்து 90 கிலோ அளவிலும், பெண்ணிடமிருந்து 65 கிலோ அளவிலும் கறி கிடைக்கும். உண்ணத் தகுந்த கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது கொலராடோ மாநிலத்தில் குற்றம். ஆகவே எந்தப் பருவம், எந்த மலை, எவ்வளவு தூரம், ஆணா பெண்ணா என்ற முடிவுகள் யாவும் இந்தச் சுமையிலிருந்தும், குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரின் கால்களிலிருந்துமே பிறக்க வேண்டும்.

கொலராடோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் அதிகமாக வாழ்வது அங்கேதான். ஏறக்குறைய 2,80,000 எல்க்குகள் அம்மலைகளில் திரிகின்றன. தேசியக் காடுகளாகவும் பிற அரசு நிலங்களாகவும் பரந்து கிடக்கும் பொது நிலத்தில், உரிமம் பெற்ற எவரும் வழிகாட்டிக்குப் பணம் கட்டாமலே வேட்டையாடலாம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய வசதி.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவில் எல்க் என்றால், அமெரிக்கர் மூஸ் என்று அழைக்கும் வேறொரு விலங்கைக் குறிக்கும். இலங்கையில் வேட்டையாடிய ஆங்கிலேயர்களோ நம்முடைய மரையை, அதாவது கடமானை, எல்க் என்றே எழுதி வைத்தார்கள். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1978இல் கொலராடோவுக்குக் கொண்டுவரப்பட்ட மூஸ் இன்று எல்க் வாழும் காடுகளிலேயே பெருகியிருப்பதால், எல்க் என்று எண்ணி மூஸைச் சுட்டுவிட்டு வழக்கில் சிக்குவோர் உண்டு. எல்க்கின் உடல் மங்கிய பழுப்பு நிறமாகவும், கழுத்து கரும்பழுப்பாகவும், பின்புறம் வெளிர் மஞ்சள் திட்டோடும் இருக்கும். மூஸ் உடல் முழுவதும் கருத்து, தொங்கும் பெரிய மூக்கோடு, பின்புறத் திட்டு இல்லாமல் இருக்கும். உடன் வரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

உரிமமும் சட்டமும்

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிய அட்டை இல்லாமல் கொலராடோவில் பொதுவாக வேட்டை உரிமம் பெற முடியாது. பெரிய விலங்குகளை வேட்டையாடக் குறைந்த வயது 12. 12 முதல் 15 வயது வரையுள்ளவர்கள் தகுதியுள்ள பெரியவர் ஒருவரின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பயிற்சி வகுப்புக்குத் தாயோ தந்தையோ பிள்ளையோடு சேர்ந்து போவது நல்லது. நான் அப்படிப் போனபோது, வேலியைத் தாண்டும் முன் துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு என் மகள் எனக்கு முன்பாகவே சரியான விடையைச் சொல்லிவிட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் பாதுகாப்பு அதிகாரி அவள்தான்.

பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. ஆகவே உரிமம் வாங்கும் முன் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதும், ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவதும் அறிவுடைமை.

உரிமங்களில் பெரும்பகுதி குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. அதற்கான விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அக்டோபர் வேட்டைக்குச் செப்டம்பரில் திட்டமிடத் தொடங்குபவர்கள் மிஞ்சிக் கிடக்கும் உரிமங்களோடு மனநிறைவு கொள்ள வேண்டியதுதான். குடும்பத்தார் ஒரே குழுவாக விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பித்தால் கிடைத்தால் அனைவருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. முதல் ஆண்டில் பெண் எல்க்குக்கான உரிமத்தையே கேளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. இணைசேரும் பருவம் முடிந்து களைத்துப்போன ஆண்கள் அக்டோபர் கடைசியில் அடர்ந்த, செங்குத்தான காடுகளில் தனித்தனியே ஒதுங்கிவிடுகின்றன. பெண்களோ கன்றுகளோடு கூட்டமாக இருப்பதால் கண்ணில் படுவது எளிது, கறியும் மென்மையாக இருக்கும், சுமையும் குறைவு. ஆணைத்தான் நாடுவீர்கள் என்றால், பெரும்பாலான பகுதிகளில் ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகளோ, ஐந்து அங்குலத்துக்குக் குறையாத நெற்றிக்கிளையோ இருந்தால்தான் சுடலாம் என்ற விதியைப் பிள்ளைகளும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்ப வேட்டையில் எளிதாக மீறப்படும் விதி மற்றொன்று. ஒருவருடைய உரிமத்தில் மற்றொருவர் சுடக் கூடாது. மகனுக்குக் கிடைத்த உரிமத்தில், மகன் கை நடுங்கி நிற்கிறான் என்பதற்காகத் தந்தை துப்பாக்கியை வாங்கிச் சுட்டால், பாசத்தால் செய்தது என்றாலும் அது சட்டவிரோத வேட்டையே. உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டைச் சுட்டவரே கையொப்பமிட்டு, தேதி எழுதி, விலங்கின் உடலில் இணைக்க வேண்டும்.

துப்பாக்கியும் பயிற்சியும்

எல்க்குக்குக் குறைந்த அளவாக 6 மில்லிமீட்டர் விட்டமும் 85 கிரெயின் (ஏறத்தாழ 5.5 கிராம்) எடையும் உள்ள தோட்டாவைக் கொலராடோ விதி கேட்கிறது. பெரிய துப்பாக்கி பெரிய விலங்கை எளிதில் வீழ்த்தும் என்று நம்பி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் கடுமையாக உதைக்கும் மேக்னம் ரைபிளை வைப்பவர்கள், அந்தப் பிள்ளை விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளப் பழக்குகிறார்கள். ஒருமுறை அப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் போகாது. 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர் போன்ற மிதமான உதைப்பு உள்ள ரைபிள்கள் பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர்களுக்கும் போதும் என்று சொன்னால் என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். தோட்டா மட்டும் செம்பினால் ஆனதாக இருப்பது நல்லது. ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கறியில் கலந்துவிடக் கூடும். ஈயத்தின் தீங்கு பிள்ளைகளுக்கே அதிகம்.

பயிற்சிக் களத்தில் மேசைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுட்டுப் பழகுவது குறியைச் சரிசெய்ய உதவுமே ஒழிய, வேட்டைக்குத் தயார்படுத்தாது. உட்கார்ந்தும், மண்டியிட்டும், கவைக்கோல் ஊன்றியும், சற்றே மூச்சு வாங்க ஓடி வந்தும் சுட்டுப் பழக வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் ஐந்துக்கு ஐந்தும் படும் தூரம் எதுவோ அதுவே அந்த நபரின் எல்லை. என் மகளுக்கு அது முதல் ஆண்டில் 120 கஜம். அந்த எண்ணை அவளே ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டி வைத்தாள். மலையில் 200 கஜத்தில் எல்க் நின்றபோது அந்தச் சீட்டு எங்கள் இருவருக்கும் இடையே நடக்கவிருந்த விவாதத்தைத் தவிர்த்தது. காதுக் கவசத்தைப் பயிற்சியில் மட்டுமன்றி வேட்டையிலும் பிள்ளைகள் அணிய வேண்டும்.

இடமும் ஏற்பாடும்

மீக்கர் என்னும் சிற்றூரை அடுத்த ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதி, பெருங்கூட்டமாக இடம்பெயரும் ஒயிட் ரிவர் எல்க்குகளால் பெயர்பெற்றது. ஆனால் அதன் நடுப்பகுதி சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மோட்டார் வண்டி மட்டுமல்ல, கறியை ஏற்றித் தள்ளிவரும் இருசக்கரக் கைவண்டிகூட அனுமதிக்கப்படுவதில்லை; குதிரை இல்லாதவர் தோளில்தான் சுமக்க வேண்டும். குதிரை இல்லாத குடும்பம், வனாந்தர எல்லைக்கு வெளியே, வண்டிப்பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், முடிந்தால் பாதைக்கு மேலே உள்ள சரிவுகளில் வேட்டையாடுவது நல்லது. சுமையோடு இறங்குவது முழங்காலை வருத்தும், ஆனால் சுமையோடு ஏறுவது மனத்தையே உடைத்துவிடும்.

என் கணக்கு இது: பெரியவர் ஒருவர் ஒரு நடைக்கு 27 கிலோ, பிள்ளைகள் தம் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக் கூடாது. இரு பெரியவர்களும் 45 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையும் சேர்ந்து ஒரு நடையில் ஏறத்தாழ 60 கிலோ கொண்டுவரலாம். பெண் எல்க் என்றால் இரண்டு நடை. ஆண் எல்க் என்றால், தலையும் கொம்பும் சேர, பெரியவர்களாவது மூன்றாம் முறை ஏறியாக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வீழ்த்திய ஆணுக்கு மொத்த நடை 12 கிலோமீட்டர், அதில் பாதி முதுகு வளையும் சுமையோடு. இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் வரைபடத்தை விரிக்க வேண்டும். தனியார் நிலத்தில் வேலியோ அறிவிப்போ இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதால், எல்லைகளைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் அப்பகுதி வரைபடத்தைச் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் பெரும்பாலும் 2,700 மீட்டருக்கு மேல் அமையும். டெக்சாஸ் போன்ற தாழ்நிலத்திலிருந்து வருபவர்கள் வேட்டை தொடங்க இரண்டு நாள் முன்பே வந்து உடலைப் பழக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் தெளியாத பிள்ளையை மேலும் உயரத்துக்கு அழைத்துச் செல்லக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். பருத்தி ஆடை நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் கம்பளியோ செயற்கை இழையோ உடுத்த வேண்டும். ரைபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பும், அதே நிறத்தில் தொப்பியும் வேட்டையாடுபவருக்குக் கட்டாயம். வேட்டையாடாமல் உடன் வருபவர்களுக்கும் அதையே அணிவியுங்கள்.

காற்றும் காத்திருப்பும்

எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. மலையில் அதிகாலைக் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். வெயில் சரிவைச் சூடாக்கியதும் காற்று மேலேறத் தொடங்கும். அந்தி சாயும்போது மீண்டும் இறங்கும். ஆகவே விடியற்காலையில் எல்க்குகளுக்குக் கீழே இருந்தும், வெயில் ஏறிய பிறகு மேலே இருந்தும் அணுக வேண்டும். எல்க்குகள் விடியலிலும் அந்தியிலும் புல்வெளிகளில் மேயும். பகலில் வடக்கு நோக்கிய சரிவின் நிழல் மிகுந்த அடர்காட்டில் படுத்திருக்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைந்து அரை மணி நேரம் வரை சுட அனுமதி உண்டு என்பதால், நள்ளிரவு கடந்ததும் பிள்ளைகளை எழுப்பி இருட்டில் மலையேற்றுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. முதல் ஆண்டில் அதைச் செய்யாதீர்கள். காலையில் முகாமுக்கு அருகிலுள்ள ஒரு மேட்டில் அமர்ந்து, தின்பண்டத்தோடும் போர்வையோடும், பைனாகுலரில் எதிர்ச்சரிவைத் துழாவுங்கள். பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. எல்க்கின் முழு உருவத்தையும் தேடாமல், காதின் அசைவையும், மரத்தண்டுகளுக்கு இடையே படுக்கைவாட்டில் தெரியும் முதுகுக் கோட்டையும் தேடச் சொல்லுங்கள்.

விலங்கு முழுப்பக்கமாகவோ, சற்றே அப்புறம் திரும்பியோ நிற்கும்போது மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும். அங்கேதான் நுரையீரலும் இதயமும் உள்ளன. கூட்டத்தில் பின்னால் வேறொரு எல்க் நின்றால் சுடக் கூடாது, ஏனெனில் தோட்டா ஊடுருவி அதையும் தாக்கும். வான்விளிம்பில் நிற்கும் விலங்கையும், அதற்கு அப்பால் இருப்பது தெரியாததால், விட்டுவிட வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் பிள்ளை “வேண்டாம்” என்று சொன்னால் அந்தச் சொல்லே முடிவு. ஏன் என்று கேட்பது இரவு உணவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கன்று என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மே கடைசியிலும் ஜூனிலும் பிறந்த கன்றுகள் அக்டோபரில் புல் மேய்ந்து கூட்டத்தோடு வாழப் பழகிவிட்டிருக்கும் என்ற உண்மையைச் சொல்லலாம். அதனால் வருத்தம் முற்றிலும் தீரும் என்று சொல்ல மாட்டேன்.

சுட்ட பிறகு

சுட்டதும் ஓடக் கூடாது. அடிபட்ட எல்க் துரத்தப்பட்டால் பள்ளத்தாக்கைத் தாண்டியும் போகும். எல்க் நின்ற இடத்தையும் அது மறைந்த மரத்தையும் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். பிறகு இரத்தத்தைப் பாருங்கள்: நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, விலங்கு அருகிலேயே கிடக்கும்; கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், மேலும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும்; பச்சை நிறக் கழிவு கலந்திருந்தால் குடல், அதைவிடவும் நெடுநேரம் பொறுக்க வேண்டும். பிள்ளை சுட்டது தவறாகப் பட்டிருந்தால் குற்றம் சொல்லாமல், தேடலில் அவரையே முன்னால் நடக்கவிட வேண்டும்.

வயிற்றைத் திறக்காமலே கறியெடுக்கும் முறை குடும்பத்துக்கு ஏற்றது. விலங்கை ஒரு பக்கமாகக் கிடத்தி, முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி, மேல்பக்கத் தோலை வயிறு வரை உரித்துத் தரையில் விரித்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் எலும்பு உடலோடு மூட்டால் இணைந்திருப்பதில்லை. காலைத் தூக்கிப் பிடித்துத் தசையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்வது பிள்ளைக்கு ஏற்ற வேலை. பின்னந்தொடையை இடுப்பு மூட்டு தெரியும்வரை அறுத்து, அங்குள்ள தசைநாரைக் கத்தி நுனியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு முதுகுக்கறியையும் கழுத்துக்கறியையும் எடுத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை நுழைத்து உள்முதுகுக் கறியை உருவி எடுத்து, விலங்கைப் புரட்டி மறுபக்கத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு இயற்கையாக ஒட்டியிருக்கும்படி விடுவது சட்டத் தேவை. கத்தி பிடிப்பவர் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே. மாலையில் விரல் விறைத்துப்போன நிலையில்தான் பெரும்பாலான வெட்டுக்காயங்கள் நேர்கின்றன.

கறியைக் கெடுப்பது வெப்பம். பின்னந்தொடையின் எலும்பைச் சுற்றியுள்ள தடித்த பகுதியே மிக மெதுவாக ஆறுவதால், அங்கேதான் முதலில் புளித்த நாற்றம் தொடங்கும். துண்டுகளைக் காற்றுப் புகும் துணிப்பையில் இட்டு நிழலில் மரக்கிளையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஒருபோதும் இடாதீர்கள். சுமையை எடுக்கும்போது தொடைகளை முதலில் கொண்டுபோய், கழுத்துக்கறியைக் கடைசி நடைக்கு விடலாம். இரவில் கறியைக் காட்டிலேயே விட நேர்ந்தால், கருங்கரடி வரக்கூடும் என்பதால், குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, காலையில் தொலைவிலிருந்தே பார்க்கும்படியான இடத்தில் தொங்கவிட வேண்டும்.

தலையையும் கொண்டுவருவது நல்லது. மான் இனங்களின் மூளையைச் சிதைக்கும் நலிவு நோய் 1967இல் கொலராடோவின் ஆய்வு நிலையம் ஒன்றில்தான் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. 1981இல் காட்டு எல்க்கிலும் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை என்றாலும், நோயுள்ள விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. தலையில் உள்ள நிணநீர் முடிச்சிலிருந்து சோதனை செய்து மாநில வனவிலங்குத் துறை முடிவைத் தெரிவிக்கும். சில பகுதிகளில் இச்சோதனை கட்டாயம். முடிவு வரும்வரை அந்த விலங்கின் கறியைப் பிறவற்றோடு கலக்காமல் தனியே உறைய வையுங்கள். மூளையையும் தண்டுவடத்தையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஆட்டுக்கறி போல் நினைத்துச் சமைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். முதுகுக்கறியைக் கனத்த கல்லில் நெய்விட்டு, மிளகும் உப்பும் மட்டும் தூவி, உள்ளே இளஞ்சிவப்பு மாறும் முன் எடுத்துவிட வேண்டும். கழுத்துக்கறிக்கும் முன்னங்கால் கறிக்கும் குக்கரும், சின்ன வெங்காயமும், நிறைய நல்லெண்ணெயும் தேவை. தொடைக்கறியில் ஒரு பகுதியை மெல்லிய வார்களாக அரிந்து, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி உப்புக்கண்டம் போடலாம். கொலராடோவில் வெயில் இருந்தாலும் குளிர் விடாது, ஆகவே ஓவனிலோ உலர்த்தும் கருவியிலோ காயவைக்க வேண்டும். பொட்டலங்களின் மேல் தேதி, உறுப்பு, சோதனை எண் ஆகியவற்றை எழுதும் வேலையை உரிமம் யாருடையதோ அவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஃபிரீசரில் இப்போதும் ஒரு பொட்டலத்தின் மேல் “கழுத்து, மூன்றாம் நடை, அப்பா இரண்டு முறை உட்கார்ந்தார்” என்று எழுதியிருக்கிறது.